பலெர்மோ பழைய நகரில் மொட்டைமாடியோடு ஓர் அறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. அங்கே பழைய நகருக்குள், ஏதோ ஒரு பழைய மாளிகையின் உச்சியில், மொட்டைமாடியோடு கூடிய 'சூட்' ஒன்றைப் படத்தில் பார்த்து மயங்கி, பணம் கட்டுவதற்குச் சற்று முன்பு எனக்கு எழுதுபவர்கள் நிறைய. கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறேன். எந்த விடுதிக்கும் இது விளம்பரம் இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாடிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், ஆனால் அந்த மாடிக்குக் கீழே இருக்கிற கட்டடத்தைப் பற்றி விசாரித்த பிறகுதான்.

மாடி இல்லாமல் தங்கினால் அப்படி என்ன குறைந்துவிடும்?

பழைய நகரின் தெருக்கள் குறுகல். இரண்டு பக்கமும் நான்கைந்து அடுக்குக் கட்டடங்கள், நடுவில் ஒரு கீற்று வானம், அதிலும் பாதியைப் பால்கனியில் காயும் துணி மறைத்திருக்கும். கீழே நடக்கும்போது பெரிய தேவாலயங்கள்கூடக் கண்ணில் படாது, முனை திரும்பியதும் திடீரென்று எதிரே நிற்கும். மேலே போனால்தான் ஊரின் அமைப்பு புரிகிறது. பல்லாரோ சந்தைக்கு மேல் வண்ண ஓடு பதித்த கார்மினே தேவாலயக் குவிமாடம், சான் கத்தால்தோ தேவாலயத்தின் மூன்று சிவப்புக் குமிழ்கள், தேயாத்ரோ மாசிமோ ஓபரா அரங்கின் பெரிய கூரை, வடக்கே கடலை ஒட்டிச் சுமார் 600 மீட்டர் எழும் மோன்தே பெல்லெக்ரீனோ மலை. அரபியர் ஆண்ட ஊரை 1072-ல் நார்மன்கள் பிடித்தார்கள், பிறகு ஸ்பானியர்கள் வந்தார்கள், ஒருவர் கட்டியதன் மேல் இன்னொருவர் கட்டினார்கள். அந்த அரபு-நார்மன் கட்டடங்களைத்தான் 2015-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வானம் பார்க்கவும் தோதான ஊர்தான். 1801 ஜனவரி 1 அன்று ஜுசெப்பே பியாட்சி, அரண்மனையின் உச்சியில் இருந்த வானாய்வகத்திலிருந்து சிரீஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தது இங்கேதான். இப்போது தெருவிளக்கு வெளிச்சத்தில் அவ்வளவெல்லாம் தெரியாது.

இவ்வளவு பழைய கட்டடங்களில் இத்தனை வாடகை அறைகள் எப்படி வந்தன?

1943-ல் நேச நாட்டு விமானங்கள் பழைய நகரின் மேல் கடுமையாகக் குண்டு போட்டன. போர் முடிந்த பிறகு இடிந்ததைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, நகரைச் சுற்றியிருந்த எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துப் புதுக் குடியிருப்புகளாகக் கட்டித் தள்ளினார்கள். மாஃபியா காசு பார்த்த காலம் அது, 'பலெர்மோவைச் சூறையாடியது' என்றே அங்கே அதைச் சொல்வார்கள். வசதி உள்ளவர்கள் வெளியே போய்விட, பழைய நகர் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 1990-களுக்குப் பிறகுதான் சீரமைப்பு சூடு பிடித்தது. மாளிகைகள் துண்டு துண்டாகப் பிரிந்து கைமாறின. துணி காயப்போட மட்டும் மேலே ஏறிய கூரைத் தளங்கள், இப்போது விளம்பரத்தின் முதல் படம் ஆகிவிட்டன.

பலர் இதைக் கவனிப்பதில்லை: அறை புத்தம் புதியதாக இருக்கும், ஆனால் படிக்கட்டும் முற்றமும் வெளிச்சுவரும் வேறு பத்துப் பேருடையது, அவை அப்படியே பழையபடி கிடக்கும். வாசலைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள்.

'மாடி உண்டு' என்று போட்டிருக்கிறது. எனக்கு மட்டுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். விளம்பரத்தின் இத்தாலிய வடிவத்தைத் திறந்து பாருங்கள். 'தெர்ராட்சா எஸ்க்ளூசிவா' அல்லது 'பிரிவாத்தா' என்று இருந்தால் உங்களுக்கு மட்டும். 'கொன்டிவீசா' அல்லது 'கோமூனே' என்றால் மற்ற விருந்தினர்களோடு பகிர்வது. 'கொன்டொமினியாலே' என்றால் கட்டடத்தில் குடியிருக்கும் எல்லாருடைய கூரை. நீங்கள் காலை காபியோடு உட்கார்ந்திருக்கும்போது நான்காம் மாடிப் பாட்டி போர்வை காயப்போட வருவார், அவருக்கு அதில் முழு உரிமை உண்டு.

அடுத்தது, மாடி அறையை ஒட்டி இருக்கிறதா, அல்லது பொதுப் படிக்கட்டு வழியாக இன்னும் ஒரு தளம் ஏற வேண்டுமா? அறையிலிருந்து இரண்டு அடி எடுத்து வைத்தால் மாடி என்றால் ஒரு நாளில் பத்து முறை போவீர்கள். சாவி எடுத்து, கதவு பூட்டி, இரும்பு ஏணி ஏற வேண்டும் என்றால் முதல் நாள் ஒரு முறை போய்ப் படம் எடுத்துக்கொள்வீர்கள், அதோடு சரி. படங்களில் நிழல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பந்தலோ குடையோ இல்லாத மாடி ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை பத்து மணிக்கு மேல் எதற்கும் உதவாது.

லிஃப்ட் இல்லையாம். மூன்றாம் மாடிதானே, ஏறிவிடலாமே?

பழைய மாளிகைகளில் முதல் மாடிதான் பிரபுக்கள் வாழ்ந்த தளம், அதன் கூரை சில வீடுகளில் ஐந்து மீட்டர் உயரம். தரைத்தளத்துக்கும் அதற்கும் நடுவே குட்டையான ஓர் இடைத்தளம் இருக்கும், அதை மாடிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே 'மூன்றாம் மாடி' என்று காகிதத்தில் இருப்பது கால்களுக்கு ஐந்தாம் மாடியாகத் தெரியும். மாடியோடு உள்ள அறை என்றால் எப்படியும் உச்சியில்தான் இருக்கும். 'சென்ட்சா அஷென்சோரே' என்று எழுதியிருந்தால் லிஃப்ட் இல்லை என்று அர்த்தம். எத்தனை படி என்று எண்ணிக்கை கேளுங்கள், நல்ல வீட்டுக்காரர் உடனே சொல்வார். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் லிஃப்ட் இல்லாத மாடி அறையை எடுக்கவே வேண்டாம். கீழே இறங்கியவர்கள் மதியம் ஓய்வெடுக்க மேலே வர மாட்டார்கள், பகல் முழுக்கத் தெருவிலேயே சோர்ந்து போவார்கள்.

'சூட்' என்றால் சமையலறை இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நட்சத்திர ஹோட்டலின் சூட்டை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே ஒரு பெரிய அறைக்கும் குளியலறைக்கும்கூட அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். 'அங்கோலோ கொத்தூரா' என்று இருந்தால் ஒரு மூலையில் அடுப்பு உண்டு. வெறும் காபிக் கெட்டிலும் சின்ன ஃபிரிட்ஜும் மட்டும் இருக்கிற இடங்கள் ஏராளம். குழந்தைக்குக் கஞ்சி வைக்க வேண்டும், மூன்று நாளைக்கு ஒரு முறையாவது ரசம் சாதம் வேண்டும் என்கிறவர்கள் அடுப்பின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பேட்டையில் எடுப்பது?

பழைய நகரை இரண்டு பெரிய தெருக்கள் சிலுவை மாதிரி வெட்டுகின்றன: வியா மக்வேதா, கோர்சோ வித்தோரியோ எமனுவேலே. சந்திக்கும் இடம் குவாத்ரோ கான்தி. அதைச் சுற்றி நான்கு பேட்டைகள்.

நான் சொல்வது கால்சா. கடல் பக்கம், கொஞ்சம் விசாலம், பியாட்சா மரீனாவின் பூங்காவில் விழுதுகள் தூணாய் இறங்கிய பிரம்மாண்டமான ஒரு ஃபைகஸ் மரம், காலாற நடந்தால் தாவரவியல் பூங்கா. மாடியில் கடல் காற்று முதலில் வந்து சேர்வதும் இங்கேதான். காப்போ பக்கம் சந்தையும் பேராலயமும் ஓபரா அரங்கும் கிட்டே, காலையில் இரைச்சல், இரவில் ஓரளவு அடங்கும்.

பல்லாரோ இருக்கிற ஆல்பெர்கெரியாவில் வாடகை குறைவாகக் கிடைக்கலாம். மாடியிலிருந்து தெரிகிற காட்சி நான்கிலும் இங்கேதான் அருமை என்பேன். ஆனால் தெரு அழுக்கு, குப்பை, சத்தம் எல்லாம் உண்டு, அது சிலருக்குப் பிடிக்கும், சிலர் முதல் நாளே அழுதுவிடுவார்கள். வுச்சிரியா பகல் பார்வைக்கு அமைதி. நம்பாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே ஸ்பீக்கர் பெட்டிகள் வெளியே வரும், விடியும் வரை ஓயாது. சத்தம் மேல்நோக்கித்தான் வரும் என்பதால் உச்சி மாடியில் இருப்பது அங்கே ஒரு பாதுகாப்பே இல்லை.

எந்த மாதம் நல்லது?

மாடிக்காகவே போகிறீர்கள் என்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அப்புறம் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். மே மாத மாலையில் உழவாரக் குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு கூரைகளை உரசிப் பறக்கும், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே காசு தரலாம். ஜூனில் சூரியன் மறைய எட்டரை ஆகும், டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் வெயிலைவிடப் பெரிய விஷயம் சிரோக்கோ. சகாராவிலிருந்து வரும் சூடான காற்று. அது வீசும் நாளில் இரவிலும் சூடு இறங்காது. மாடியெங்கும் செம்மண் தூசி படியும், மேசைக் குடையை மடக்காமல் விட்டால் பக்கத்துக் கூரையில் போய்த்தான் தேட வேண்டும். 2023 ஜூலையில் இப்படியொரு வெப்ப அலையில் மலைகள் தீப்பிடித்து, பலெர்மோ விமான நிலையத்தையே சில மணி நேரம் மூட வேண்டி வந்தது. அந்தக் காலத்துப் பணக்காரர்கள் இந்தக் காற்றிலிருந்து தப்பிக்க நிலத்தடி நீரோடையை ஒட்டிப் பாறையைக் குடைந்து 'சிரோக்கோ அறை' கட்டி அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். நமக்கு ஏசி போதும், ஆனால் அது படுக்கையறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். உச்சித் தளம், மேலே நேராக வெயில் காயும் கூரை, ஏசி மட்டும் வரவேற்பறையில் என்றால் தூக்கம் வராது.

குளிர்காலம்? பகலில் 15 டிகிரி போல இருக்கும், வெயில் அடித்தால் மாடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். வீட்டுக்குள்தான் குளிர். இத்தாலியில் சூடேற்றும் கருவிகளை எந்த மாதம், எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று மண்டல வாரியாகச் சட்டம் உண்டு, பலெர்மோ இருக்கும் மண்டலத்துக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளுக்கு 8 மணி நேரம். பல வீடுகளில் மைய ஹீட்டரே கிடையாது, அதே ஏசியைச் சூட்டுக்குத் திருப்பிப் போடுவார்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை உண்டு என்கிறார்களே?

உண்டு. சிசிலியில் 2024-ல் மோசமான வறட்சி, அவசர நிலை அறிவித்தார்கள், அந்த அக்டோபரில் பலெர்மோவின் சில பகுதிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல, அதனால்தான் கூரைகளில் இத்தனை தண்ணீர்த் தொட்டிகள். உங்கள் படத்தில் அழகான குவிமாடத்துக்கு முன்னால் நிற்கிற அந்த நீலத் தொட்டிதான் உங்களைக் குளிக்க வைக்கிறது, அதைத் திட்டாதீர்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது, தொட்டியும் மோட்டாரும் இருக்கிறதா என்பதுதான். தொட்டி வழியாக வரும் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டில் வாங்குவதே அங்கே பழக்கம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மின்சாரம் அடிக்கடி போகிறது என்று யாரோ விமர்சனம் எழுதியிருந்தார்கள்.

போவது பெரும்பாலும் ஊருக்கு இல்லை, உங்களுக்கு மட்டும். இத்தாலிய வீடுகளில் சாதாரண இணைப்பு 3 கிலோவாட். ஏசி ஓடும்போது மின்சார அடுப்பை வைத்து, கூடவே முடி உலர்த்தியையும் போட்டால் மீட்டரின் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிடும். மீட்டர் சில கட்டடங்களில் கீழே வாசலுக்கு அருகே இருக்கும். ஈரத்தலையோடு நான்கு மாடி இறங்கி ஏறுவதைத் தவிர்க்க, அது எங்கே இருக்கிறது என்று வந்தவுடனே கேட்டு வையுங்கள். மின்னழுத்தம் 230 வோல்ட், நம் கருவிகள் வேலை செய்யும். ஆனால் நம்மூரின் தடித்த மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் கொண்டுபோங்கள்.

பாஸ்போர்ட் படம் அனுப்பச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

தங்குகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆகவே கேட்பது நியாயம்தான். முன்பதிவு செய்த தளத்தின் வழியாகவோ நேரிலோ கொடுங்கள், முன்பின் தெரியாத எண்ணுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கேட்கவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஆளே வராமல் இருக்கும் பழக்கத்தை நிறுத்த உள்துறை அமைச்சகம் 2024 நவம்பரில் சுற்றறிக்கை விட்டது, அது நீதிமன்றம் வரை போனது. அதனால் வாசலில் ஒருவர் நின்று முகத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப் பார்த்தால் கோபப்படாதீர்கள்.

விளம்பரத்தில் 'சின்' (CIN) என்ற தேசிய அடையாளக் குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து எல்லாக் குறுகிய கால வாடகை வீடுகளுக்கும் அது கட்டாயம், கட்டட வாசலிலும் போட வேண்டும். நகராட்சியின் சுற்றுலா வரி தனி, ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு என்று கணக்கு. பதிவுத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையில் கொடுக்க வேண்டி வரும்.

மாடியில் சமைக்கலாமா, நண்பர்களைக் கூப்பிடலாமா?

கரி அடுப்பு வேண்டாம், பெரும்பாலான வீடுகளில் தடை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கூரையிலிருந்து இறைச்சி சுடும் புகை வரும், அவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள், அந்தக் கணக்கு வேறு. மதிய உணவுக்குப் பிறகும் இரவு பதினொன்றுக்கு மேலும் குரலைத் தாழ்த்துங்கள். கூரைகள் ஒன்றுக்கொன்று இவ்வளவு பக்கம் என்பதால் நீங்கள் தமிழில் போடும் குடும்பச் சண்டை எதிர்வீட்டுக்கு முழுசாகக் கேட்கும். புரியாது என்று தைரியமாக இருக்க வேண்டாம், பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்!

தொட்டிச் செடிகளை உடைக்காதீர்கள், குறிப்பாக ஈழத்தலரியை. 'பொமேலியா' என்று அவர்கள் சொல்லும் இந்தச் செடி அந்த ஊரின் அடையாளம் மாதிரி. குளிர்காலத்தில் கிளை நுனிகளில் முட்டை ஓடு கவிழ்த்திருப்பார்கள், யாரோ குப்பை போட்டதாக நினைத்து எடுத்துவிட வேண்டாம், குளிரிலிருந்து மொட்டைக் காப்பதற்காக அது.

குழந்தைகளோடு?

கைப்பிடிச் சுவரின் உயரம் கேளுங்கள், அதன் படமும் கேளுங்கள். பழைய கூரைகளில் அது இடுப்புக்கும் கீழே இருக்கலாம். நடக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால் மாடி அறையே வேண்டாம் என்பேன்.

சைவம் சாப்பிடுகிறோம். மாடியில் உட்கார்ந்து சாப்பிட என்ன வாங்கலாம்?

தெருவிலேயே கிடைக்கும். பனெல்லே என்பது கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக வெட்டிப் பொரிப்பது, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். உருளைக்கிழங்கு உருண்டைகளும் உண்டு. கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்போனாத்தா ஒரு டப்பா, ரொட்டி, ஆலிவ், சந்தையில் தக்காளி, போதும்.

சில பொறிகள். அரஞ்சீனா என்பது பொரித்த சோற்று உருண்டை. 'வெண்ணெய் அரஞ்சீனா' என்று பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே பன்றி ஹாம் இருக்கும். ஸ்பின்சியோனே என்ற தடித்த ரொட்டியில் நெத்திலி கலந்திருக்கும். கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறு ஓட்டுக்குப் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். கண்டிப்பானவர்கள் பழமும் கிரனீத்தா என்ற பனிக்கூழும் சாப்பிட்டுத் திருப்திப்படலாம், அதுவும் மோசமில்லை.

ஜூலையில் ஏதோ திருவிழாவாமே?

நகரின் காவல் புனிதர் சாந்தா ரொசாலியாவின் திருவிழா. 1624-ல் கொள்ளைநோய் வந்தபோது மோன்தே பெல்லெக்ரீனோ குகையில் அவருடைய எலும்புகள் கிடைத்ததாகவும், நகரைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் நின்றதாகவும் நம்பிக்கை. 2024-ல் அதன் 400-ஆம் ஆண்டு. ஒவ்வொரு ஜூலை 14 இரவும் பெரிய தேர் ஒன்று பேராலயத்திலிருந்து கோர்சோ வழியாகக் கடற்கரைக்கு இறங்கும், குவாத்ரோ கான்தியில் மேயர் தேர் மீது ஏறி 'வாழ்க பலெர்மோ, வாழ்க சாந்தா ரொசாலியா' என்று முழங்குவார். கடைசியில் கடலோரத்தில் வாணவேடிக்கை. கால்சாவில் மாடி இருந்தால் கூட்டத்தில் நசுங்காமல் பார்க்கலாம், அதனால் அந்த வாரத்து அறைகள் சீக்கிரம் போய்விடும்.

1980-களில் போருக்குத் தப்பி இங்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள், இந்துக்கள் உட்பட, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குகைக் கோயிலுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். பலெர்மோக்காரர்களும் அதை இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு காலை மலைக்குப் போனால் தமிழ்க் குரல் காதில் விழும்.

விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது? கார் எடுக்கலாமா?

புன்தா ராய்சி விமான நிலையம் ஊருக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். பேருந்தும் ரயிலும் மத்திய நிலையம் வரை வரும், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகருக்குள் கார் வேண்டவே வேண்டாம். தடை செய்யப்பட்ட வட்டாரத்தில் கேமரா எண்ணைப் படித்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். மொன்தெல்லோ கடற்கரைக்கு 806, மொன்ரெயாலே பேராலயத்துக்கு 389 என்று நகரப் பேருந்துகள் இருக்கின்றன.

எல்லாம் கேட்ட பிறகு மாடி இல்லாத அறையே எடுக்கலாம் போலிருக்கிறது. காட்சியை இழந்துவிடுவேனா?

இல்லை. பேராலயத்தின் கூரைக்கு டிக்கெட் வாங்கி ஏறலாம். குவாத்ரோ கான்தி பக்கத்தில் சாந்தா கத்தரீனா தேவாலயத்தின் கூரை நடைபாதையில் நின்றால் சான் கத்தால்தோவின் சிவப்புக் குமிழ்கள் காலடியில் தெரியும், இறங்கி வந்து அதே மடத்தில் கன்னியாஸ்திரிகளின் பழைய செய்முறைப்படி செய்த இனிப்புகளையும் வாங்கலாம். பல்லாரோவில் சான் நிக்கொலோ கோபுரம், அப்புறம் தேயாத்ரோ மாசிமோவின் கூரைச் சுற்று. வெயில் தாழ்ந்த பிறகு உட்கார்ந்து ஏதாவது குடிக்க வேண்டும் என்றால் சான் தொமெனிகோ சதுக்கத்தில் இருக்கிற பல்பொருள் அங்காடியின் மேல்தளம். கீழே லிஃப்ட் உள்ள, ஏசி உள்ள, சத்தமில்லாத அறை, மாலைக்கு ஒரு கூரை என்று ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் திட்டம் போட்டால் மாடி சூட்டுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் மிஞ்சும். மே மாதம் போகிறீர்கள், முழங்கால் நன்றாக இருக்கிறது என்றால் யோசிக்காமல் மாடியை எடுங்கள்.